வேங்கடத்தின் அடியில் கிறிஸ்தவம்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்துரைத்தது. அவ்வெல்லையின் அடிவாரத்திலேயே பிழைப்பு நாடி வந்து குடியமர்ந்த நம் சங்கத்தார்க்கு இச்செய்தி புதிதன்று; ஆண்டு மலர்தோறும் யாரேனும் ஒருவர் அதனை எழுதாது விடுவதில்லை. ஆழ்வார்கள் பாடிய திருமலையைப் பற்றியும், காளத்தியில் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரைப் பற்றியும் பேசியும் கேட்டும் மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு, இதே மண்ணில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக விட்டும் தொட்டும் வரும் மற்றொரு வரலாற்றின் பக்கம் அன்பர்களை அழைக்க விழைகின்றோம். திருப்பதியிலும் சித்தூரிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் கிறிஸ்தவ சமயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எவ்வாறு சென்றது என்பதே அது.

இதனை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் காலனியில் வேங்கடவனைத் தொழுவோர் மிகுதி. ஞாயிறுதோறும் கோயிலுக்குச் செல்லும் கிறிஸ்தவக் குடும்பங்களும் உள. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டுகள் சுவரைத் தாண்டிச் செல்கின்றன. ஆயினும், ஒருவர் தாம் உயிரினும் மேலாகக் கொண்ட சமயத்தை அடுத்த வீட்டாரிடம் எடுத்துச் சொல்லலாமா, சொல்வதாயின் எவ்வாறு சொல்வது என்னும் கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுகின்றது. பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே எழுகின்றது. சொல்வோர் மனத்தில் ஓர் ஆர்வமும் கேட்போர் மனத்தில் ஓர் ஐயமும் இருப்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. இவ்விரண்டும் நமக்கு முன்னிருந்தோர்க்கும் இருந்தன.

முதலில் சந்திரகிரியைக் காண்போம். 1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் தோல்வியுற்ற விசயநகரப் பேரரசு பெனுகொண்டைக்குப் பெயர்ந்து, பின்னர்ச் சந்திரகிரியைத் தலைநகராகக் கொண்டது. இரண்டாம் வேங்கடபதி தேவராயர் அங்கே வீற்றிருந்தபோது, 1598ஆம் ஆண்டில், மயிலை சாந்தோமிலிருந்த இயேசு சபைப் பாதிரிமார் அவரைக் காண வந்தனர். சிமோன் தெ சா, பிரான்செஸ்கோ ரீச்சோ என்போர் அவருள் முதல்வர். மன்னரின் மாமனார் அவர்களுக்குத் துணையாக நின்று அரசவைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் அன்புடன் வரவேற்றார். கோயில் அமைத்துக்கொள்ள இசைவும் தந்தார்.

வேங்கடபதியார் உறுதியான வைணவர். தாத்தாசாரியாரைக் குருவாகக் கொண்டவர். எனினும் பிற சமயத்தார் கூறுவதைக் கேட்பதில் அவருக்குச் சலிப்பில்லை. அவர் முன்னிலையில் பாதிரிமாரும் பண்டிதரும் கடவுளைப் பற்றி வாதிட்டனர். ஐரோப்பிய ஓவியங்களில் மன்னர் பெருவிருப்புடையவர் என்று அறிந்து, ஓவியம் வல்ல துறவியரையும் இயேசு சபையார் அரசவைக்கு வரவழைத்தனர். கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகள் துணியில் தீட்டப்பட்டு அரசர்முன் விரிக்கப்பட்டன. இச்செய்திகளெல்லாம் பாதிரிமார் எழுதியனுப்பிய மடல்களால் நமக்குத் தெரிகின்றன. அவற்றைப் படிக்குங்கால், மன்னர் இன்றோ நாளையோ மனம் மாறிவிடுவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தது வெளிப்படுகின்றது. மன்னரோ படங்களைக் கண்டு மகிழ்ந்தார். வாதங்களைக் கேட்டுச் சுவைத்தார். வேங்கடவன் அடியாராகவே வாழ்ந்தார்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகர் வேலூருக்கு மாறிற்று. சாந்தோமிலிருந்த போர்த்துகேசியருக்கும் அரசுக்கும் இடையே பூசல்கள் மூண்டன. 1614ஆம் ஆண்டில் வேங்கடபதியார் மறைய, அரசுரிமைப் போர் நாட்டைக் குலைத்தது. பாதிரிமாரின் பணி அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அற்றுப்போயிற்று. ஓர் அரசரின் ஆதரவை நம்பி நின்ற பணி, குடிமக்கள் வாழ்ந்த தெருவில் வேர்கொள்ளாமலே முடிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி, அரசவையை நாடாமல், தமிழும் வடமொழியும் கற்று மக்கள் நடுவே குடிலமைத்து வாழ்ந்தார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நூறு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சு இயேசு சபையார் நம் சித்தூர்ப் பக்கத்துப் புங்கனூருக்கு வந்தபோது அவர் காட்டிய வழியையே பின்பற்றினர். அவ்வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.

இனிச் சித்தூருக்கு வருவோம். அக்காலத்தில் அது வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து ஒலித்த ஊர், இன்றும் அவ்வாறே. 1853ஆம் ஆண்டில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த உடன்பிறந்தார் மூவர், ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், வில்லியம் ஸ்கடர், ஜோசப் ஸ்கடர் என்போர், ஆர்க்காடு மிஷனை நிறுவினர். வேலூரும் சித்தூரும் ஆரணியும் அதன் தொடக்க நிலையங்கள். இவர்தம் தந்தையார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819ஆம் ஆண்டில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் செய்தவர். 1836ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தவர். ஆகவே மக்கள் மூவரும் தமிழ்க் குழந்தைகளோடு தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள்.

அம்மூவரும் ஓர் உறுதி கொண்டிருந்தனர். ஆங்கிலப் பள்ளிகளை நடத்தி அவற்றின் வாயிலாகச் சமயத்தைப் புகுத்துவது தம் வழியன்று. ஊர் ஊராகச் சென்று மக்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்பதே அது. சந்தை கூடும் நாளில் மரநிழலில் நின்று பேசினர். அங்ஙனம் பேசுவோர்க்கெனத் தமிழில் ‘பஜார் புத்தகம்’ என்னும் கைந்நூலை ஹென்றி ஸ்கடர் எழுதினார். சிவவாக்கியர் போன்ற நம் புலவர்தம் பாடல்களையே எடுத்துக்காட்டி உருவ வழிபாட்டை மறுக்கும் முறை அதில் உண்டு. அவர்தம் தமிழறிவை மெச்சத்தான் வேண்டும். ஆயினும் நம் எண்ணத்தை மறையாது சொல்வதாயின், பிறர் வீட்டு விளக்கைக் கொண்டே அவ்வீட்டுக் குறைகளைக் காட்டும் இம்முறை கேட்போரை வாயடைக்கச் செய்யும். மனம் நெகிழச் செய்யுமா என்பது ஐயமே. சந்தையில் வென்ற வாதம் சந்தை கலையும்போது கலைந்துவிடும்.

மனத்தை நெகிழச் செய்தோர் வேறு சிலர். அவர்களுடைய பெயர்கள் நூல்களில் அருகியே காணப்படுகின்றன. மிஷன் ஆண்டறிக்கைகளில் ‘உதவியாளர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும் உபதேசியார், பள்ளி ஆசிரியர், மருந்தாளர், வேதாகமப் பெண் ஆகியோரையே குறிக்கின்றோம். சேரிகளில் கூரை வேய்ந்த ஓரறைக் கட்டடம் ஒன்று இருக்கும். வார நாள்களில் அது பள்ளி, ஞாயிறன்று கோயில். அங்கே பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பிக்கும் ஆசிரியரே, எழுத்தறியாத பெற்றோர்க்கு மனு எழுதித் தருபவர். வந்த கடிதத்தைப் படித்துச் சொல்பவர். அடமானப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று விளக்குபவர். கைந்நாட்டு வைக்குமுன் அதனைப் படித்துச் சொல்ல ஒருவர் அருகிருத்தல் அந்நாளில் சிறிய உதவியன்று. ஒடுக்கப்பட்ட அம்மக்களுட் பலர் கிறிஸ்தவத்தைத் தழுவினர் என்றால், அச்சமயத்தின் கொள்கை விளக்கத்தைக் கேட்டு மட்டும் தழுவினர் என்று கொள்ளல் ஆகாது. தம்மை ‘வா’ என்றழைத்து அருகில் அமர்த்திக்கொண்ட ஒருவரிடம் அவர்கள் அதனைக் கண்டனர்.

வேதாகமப் பெண்களின் பணி இன்னும் நுட்பமானது. ஆடவர் நுழைய இயலாத உள்வீடுகளுக்கு இவர்கள் சென்றனர். படிப்பும் தையலும் கற்றுத் தந்தனர். கதை சொல்வதுபோல் விவிலியக் கதைகளைச் சொன்னார்கள். அவர்களுட் கணவனை இழந்தோரும் பலர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் கையில் புத்தகத்துடன் தெருவில் தனியே நடந்து வருவதே ஒரு செய்திதான். 1850களிலேயே சித்தூரில் பெண்களுக்கென மிஷன் பள்ளி ஏற்பட்டமை இதற்கு அடித்தளமாயிற்று. இப்பெண்களால் மதம் மாறியோர் எத்தனை பேர் என்று கணக்கிட்டால் மிகச் சிலரே தேறுவர். எழுத்தறிந்தோர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கிட்டதாகத் தோன்றவில்லை.

சித்தூருக்கு மேற்கே, மேட்டு நிலத்தில் இருக்கும் மதனப்பள்ளியை அடுத்து நோக்குவோம். அது முன்னர்க் கடப்பை மாவட்டத்தில் இருந்து, 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ஆம் ஆண்டில் பிறந்ததும், தாகூர் 1919ஆம் ஆண்டில் தங்கியிருந்து தம் ‘ஜன கண மன’ப் பாடலை ஆங்கிலத்தில் ஆக்கியதும் அவ்வூரில்தான். சிற்றூர் ஒன்று இத்தனை சமயச் சிந்தனைகளுக்கு இடங்கொடுத்தது வியப்பே. அங்கே 1863ஆம் ஆண்டில் குடியேறிய டாக்டர் ஜேகப் சேம்பர்லின், 1908ஆம் ஆண்டில் உயிர் நீத்ததும் அங்கேயே. தெலுங்கில் ஆழ்ந்த புலமை பெற்று, தெலுங்கு வேதாகமத்தைத் திருத்தும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர்தம் வைத்தியசாலையில் காலையில் நோயாளர் கூடியதும், முதலில் சுவிசேஷத்தில் ஒரு பகுதி வாசிக்கப்படும், சிறு விளக்கமும் வேண்டுதலும் நிகழும், பின்னரே மருந்து. ஏறத்தாழ எல்லா மிஷன் ஆஸ்பத்திரிகளிலும் அந்நாளில் இதுவே வழக்கம்.

இவ்வழக்கத்தைப் பற்றி இருவகைக் கருத்துகள் உண்டு. வலியால் துடிப்பவனை உட்காரவைத்து உபதேசம் செய்வது முறையா என்பர் ஒருசாரார். தம்மிடம் உள்ளதில் சிறந்ததையும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தனர் என்பர் மற்றொரு சாரார். நாம் இரண்டையும் கேட்டுக்கொள்கின்றோம். ஆனால், கேட்டவன் ஏற்றுக்கொள்ளாவிடினும் மருந்து ஒருவனுக்கும் மறுக்கப்படவில்லை என்பதை எதிர்க்கருத்துடையாரும் ஒப்புவர். ஸ்கடர் மரபில் வந்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாறு இதற்கு விளக்கம். திண்டிவனத்தில் ஓரிரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகாலத்தில் வருந்தும் தம் மனைவியரைக் காக்கப் பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்டதும், மூவர் மனைவியரும் இறந்ததும், அதுவே அவ்விளம்பெண்ணை மருத்துவம் பயில அனுப்பியதும் தமிழர் பலரும் அறிந்த செய்தி. அவர் 1918ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. நம் ஊர்களிலிருந்து பேருந்தேறி வேலூருக்குச் செல்லாத குடும்பம் நம் சங்கத்தில் இல்லை எனலாம்.

மதனப்பள்ளிக்கு அருகே பல மிஷன்கள் ஒன்றுகூடி அமைத்த காசநோய் மருத்துவமனைக்கு 1912ஆம் ஆண்டில் தொடக்கம் நிகழ்ந்தது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் பிரிமோட் மொல்லர் அதன் தலைவர். அவ்விடம் ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்றது. காசநோய்க்கு ஏற்ற மருந்து உலகில் எங்கும் இல்லாத காலம் அது. ஓய்வும் நல்லுணவும் தூய காற்றுமே வைத்தியம். நோயாளர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், திறந்த தாழ்வாரங்களில் படுத்திருப்பர். உற்றாரே அருகில் வர அஞ்சிய நோய். அந்நிலையில் நாள்தோறும் அருகில் வந்து, சளிக் கிண்ணத்தைக் கழுவி, படுக்கையைத் தட்டிப் போட்டவர் ஒரு நர்ஸ். அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்று நோயாளர் அறிந்திருப்பர். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியது அதிகம் இருந்திராது.

இங்கே ஓர் ஐயத்தை நேராகச் சந்தித்தாக வேண்டும். இவ்வுதவிகளெல்லாம் தூண்டிலில் கோத்த இரைதாமோ? இக்கேள்வி நம் காலத்ததன்று. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில், வடக்கே ஓங்கோலில் இருந்த அமெரிக்கப் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த ஜான் கிளவ் என்பவர், பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் பணியை ஒப்பந்தமாக ஏற்று, பசித்தோர்க்குக் கூலி வேலை அளித்தார். அக்காலத்தில் ஞானஸ்நானம் வேண்டி வந்தோரை அவர் ஏற்க மறுத்தார். கஞ்சிக்காக வந்தனர் என்னும் பழிக்கு இடமாகும் என அவர் அஞ்சியதே காரணம். பஞ்சம் தணிந்து உதவி வழங்கல் நின்ற பின்னரும் அவர்கள் வந்தபோதுதான் இசைந்தார். 1878ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ஒன்றில் மட்டும் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். எண்ணிக்கையைக் காட்டிலும் அம்மறுப்பே நம் கருத்தை ஈர்க்கின்றது. உதவியையும் உபதேசத்தையும் கலக்கலாகாது என்னும் நாணம் அவரிடம் இருந்தது.

காந்தியடிகள் இதனை இன்னும் கடுமையாகக் கேட்டார். தொண்டு செய்வோர் பயன் கருதாது செய்தல் வேண்டும். மதமாற்றத்தை உட்கொண்ட தொண்டு தொண்டாகாது என்பது அவர் கொள்கை. அவரோடு மாறுபட்டு நின்றவருள் ஒருவர் நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து தெலுங்கு நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்: திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டில் பிறந்த வே. ச. அசரியா. 1903ஆம் ஆண்டில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். பின்னர்த் தோர்னக்கல் சென்று தெலுங்கு கற்றார். 1912ஆம் ஆண்டில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும், எழுத்தறியாக் கூலியாளாயினும், தம் நம்பிக்கையை அடுத்தவர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கற்பித்தார். சொல்லுமுன் குடியையும் சண்டையையும் விடவேண்டும் என்றும் வற்புறுத்தினார். அயலார் முதலில் காண்பது அதனையே என்பதை அவர் அறிவார். 1910ஆம் ஆண்டில் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் வெள்ளையரை நோக்கி, நீங்கள் பொருளைத் தந்தீர்கள், உழைப்பைத் தந்தீர்கள், நட்பைத் தாருங்கள் என்ற பொருள்படப் பேசியது அவையைத் திடுக்கிடச் செய்தது. ஒரே மேசையில் அமர்ந்து உண்ண அழைக்காதவன் அன்பைப் போதிப்பது எங்ஙனம் என்பதே அவர்தம் குறை.

திருப்பதிக்கு வருமுன் இவ்வளவும் கூற வேண்டியதாயிற்று. ஏனெனில் திருப்பதிக் கதை இவையனைத்தினும் வேறுபட்டது.

ஜெர்மனியில் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் 1849ஆம் ஆண்டில் தோன்றிய லுத்தரன் மிஷன், 1860களில் நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளில் பணி தொடங்கிற்று. வேங்கடவன் அடிவாரத்தில் அவர்கள் ஓர் உயர்நிலைப் பள்ளி நடத்தினர். 1896ஆம் ஆண்டில் திருத்தணியிலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அங்குச் சேர்ந்தான். நான்கு ஆண்டுகள் பயின்று, வேலூர் ஊரிஸ் கல்லூரிக்குச் சென்றான். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் சென்றான். பன்னிரண்டு ஆண்டுகள் இடையறாது மிஷன் பள்ளிகளிலேயே பயின்ற அச்சிறுவனே டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1962 முதல் 1967 வரை நம் குடியரசுத் தலைவர்.

அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. கிறிஸ்தவ ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மீது தொடுத்த குறைகள் தம் நம்பிக்கையைக் கலக்கியதாகவும், அக்கலக்கமே தம்மை அச்சமயத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டியதாகவும் அவரே பின்னாளில் எழுதினார். வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி அவர் எம்.ஏ. பட்டத்திற்காக எழுதிய ஆய்வு, அக்குறைகளுக்கு அளித்த மறுமொழியே. அதனைப் படித்துப் பாராட்டியவர் யார்? அதே கல்லூரியில் தத்துவம் கற்பித்த ஸ்காத்லாந்து நாட்டுக் கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ. ஜி. ஹாக். தம் சமயத்தைப் பரப்ப வந்தவர், அதற்கு மறுப்பெழுதிய மாணவனின் தெளிவை மனமார மெச்சினார். ஹாக் அவர்களும் கன்மக் கொள்கையை இகழாது ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். இதனைத் தோல்வி என்று மிஷன் கணக்கில் எழுதுவதா, வெற்றி என்று எழுதுவதா? நாம் கணக்கெழுத வரவில்லை. ஆனால் திருப்பதியில் ஒரு ஜெர்மானியப் பள்ளி இல்லாதிருந்தால் ‘இந்தியத் தத்துவம்’ என்னும் பெருநூல் நமக்குக் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. அமெரிக்க லுத்தரன் சபையார் அப்பணியை ஏற்றனர். 1945ஆம் ஆண்டில் அது தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை என்னும் பெயரில் இந்நாட்டார் பொறுப்புக்கு வந்தது. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லார்க்கும் உரிமை வழங்குகின்றது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தது. 2007ஆம் ஆண்டில் ஆந்திர அரசு, திருமலை முதலிய வழிபாட்டிடங்களில் பிற சமயப் பிரசாரத்தைத் தடை செய்தது. ஒருவர் வழிபடும் இடத்தில் சென்று மற்றொருவர் தம் சமயத்தைப் பேசுதல் முறையன்று என்பதை நம் காலனிக் கிறிஸ்தவ அன்பர்களும் ஒப்புவர் என்றே நம்புகின்றோம். அதுபோலவே, அயல் வீட்டார் துன்பத்தில் இருக்கும்போது ‘உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அதனைச் சூழ்ச்சி என்று கொள்ளாதிருப்பதும் நம் கடமை.

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா பெரும்பாலும் காளத்தியோடு முடிந்துவிடுகின்றது. திருப்பதிக்கு மிக அண்மையிலேயே சந்திரகிரிக் கோட்டை இருக்கின்றது. அங்குள்ள இராசமகால் இப்போது தொல்பொருள் துறையின் காட்சிச்சாலை. பாதிரிமார் விரித்துக் காட்டிய ஓவியங்களை அங்கே தேட வேண்டா. கற்சிலைகளையும் படைக்கலங்களையும் காணலாம். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் மதனப்பள்ளி வரை சென்று வரலாம். ஆரோக்கியவரம் இன்றும் மருத்துவமனையாகவே இயங்குகின்றது. அடுத்த ஆண்டுச் சுற்றுலாக் குழுவினர் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகின்றோம்.